குயிலின் அலகும் உங்கள் வலியும்: வால் எலும்பை எடுத்துவிடலாமா?

36 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். நாள் முழுவதும் கணினி முன் உட்கார்ந்து வேலை செய்பவர். பத்து வாரங்களுக்கு முன் ஈரத் தரையில் வழுக்கி, பின்புறம் தரையில் மோத விழுந்திருக்கிறார். அன்று முதல் முதுகெலும்பு முடியும் இடத்தில் வலி. நிற்கும்போதும் படுக்கும்போதும் பெரிதாகத் தெரிவதில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்தால் பொறுக்க முடிவதில்லை, நாற்காலியை விட்டு எழும் அந்த ஒரு நொடி ஊசி குத்துவது போல இருக்கிறது என்கிறார். எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். 'முறிவு இல்லை, வால் எலும்பு முன்னோக்கி வளைந்துள்ளது' என்று அறிக்கை வந்திருக்கிறது. அந்த 'வளைந்துள்ளது' என்ற சொல் அவருடைய தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. "அது குரங்காக இருந்த காலத்து மிச்சம், ஒன்றுக்கும் உதவாது, அறுவை செய்து எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று கணவரின் அண்ணன் சொல்லியிருக்கிறார். வளைந்த எலும்பைக் கையாலேயே நிமிர்த்துபவர் ஒருவரிடம் போகச் சொல்கிறார் பக்கத்து வீட்டுப் பெண்மணி. இதற்கிடையே முதல் தடவை எழுதித் தந்த வலி மாத்திரையையே கடையில் வாங்கி, தினமும் இரண்டு வேளை இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கிறார். மலச்சிக்கல் வேறு. இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ள நினைத்திருந்தவர், இந்த எலும்போடு பிரசவம் முடியுமா என்று அஞ்சுகிறார். கடிதத்தின் கடைசியில், தயக்கத்தோடு, இரண்டு சிறு கேள்விகள். 'காக்சிக்ஸ்' என்ற மருத்துவப் பெயர் தமிழ்க் 'கொக்கி'யிலிருந்து வந்தது என்று உடன் வேலை செய்பவர் சொன்னாராம், உண்மையா? நமக்கெல்லாம் வால் இருந்ததா என்று ஏழு வயது மகள் கேட்கிறாள், என்ன சொல்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு எதையும் எடுக்க வேண்டாம். நிமிர்த்தவும் வேண்டாம். நீங்கள் விவரித்திருக்கும் வலி, வால் எலும்பு வலிக்கே உரிய வலி. உட்கார்ந்தால் வருவது, எழும்போது குத்துவது, விரல் வைத்து 'இதோ இங்கே' என்று ஓர் இடத்தைக் காட்ட முடிவது, இந்த மூன்றும் சேர்ந்தால் எங்களுக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. இந்த வலி வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே குணமடைகிறார்கள். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். பத்து வாரம் உங்களுக்கு நெடுங்காலமாகத் தோன்றும். இந்த எலும்பின் கணக்கில் அது அவ்வளவு நீளமில்லை.

இடுப்பைப் பற்றிய வலி என்பதால் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, வேலை செய்யும் இடத்தில் கால் மாற்றிக் கால் மாற்றி உட்கார்ந்து சமாளிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வலி ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகமாக வருகிறது. அத்தனை பேரும் இதே கூச்சத்தோடுதான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் எழுதியது நல்லது.

வளைவு என்பது நோய் அல்ல

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த சொல்லுக்கு வருகிறேன். அந்த எலும்பு வளைந்துதான் இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான். முதுகெலும்புத் தொடரின் கடைசியில், திரிகம் என்ற பெரிய முக்கோண எலும்புக்குக் கீழே, மூன்று முதல் ஐந்து வரையிலான சின்னஞ்சிறு எலும்புத் துண்டுகள் இருக்கின்றன. பெரும்பாலோருக்கு நான்கு. கீழே போகப் போகச் சிறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, முன்பக்கமாக வளைந்து முடிகின்றன. 1983இல் போஸ்டாக்கினி, மசோப்ரியோ என்ற இரு மருத்துவர்கள் வலியே இல்லாதவர்களின் எக்ஸ்ரே படங்களை வைத்து இந்த வளைவை நான்கு வகையாகப் பிரித்தார்கள். மெல்ல முன்னோக்கி வளைந்த முதல் வகைதான் அவர்களில் மிகுதி. நேராக முன்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது, கூர்மையாக மடங்கியிருப்பது ஆகிய வகைகளும் வலியில்லாத உடல்களில் இருந்தன. அப்படி மிகவும் மடங்கியவர்களுக்கு வலி வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் 'வளைந்துள்ளது' என்று மட்டும் சொல்லும் அறிக்கையை வைத்து, விழுந்ததால் வளைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. விழுவதற்கு முன் எடுத்த படம் உங்களிடம் இல்லை அல்லவா?

அந்த எலும்பின் பெயரையே கேட்டிருந்தால் நீங்கள் இவ்வளவு பயந்திருக்க மாட்டீர்கள். ஆகவே பெயரைப் பற்றிய உங்கள் சிறு கேள்வியை இங்கேயே எடுத்துக்கொள்கிறேன்.

கொக்கி அல்ல, குயில்

உங்கள் நண்பர் சொன்னது கேட்க இனிமையாக இருக்கிறது. வடிவமும் பொருந்துகிறது, ஒலியும் பொருந்துகிறது. ஆனாலும் சரியில்லை. 'காக்சிக்ஸ்' கிரேக்கச் சொல். அந்த மொழியில் 'கொக்கிக்ஸ்' என்றால் குயில் இனத்துப் பறவை. கா கா என்று கத்துவதால் காக்கை என்று நாம் பெயர் வைத்தது போலவே, அந்தப் பறவையின் கூவலைக் கேட்டு கிரேக்கர்கள் வைத்த பெயர் அது. சொல்லுக்கும் கொக்கிக்கும் உறவில்லை, எலும்புக்கும் குயிலுக்கும்தான் உறவு. தனியே எடுத்துப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால், அடியில் அகன்று, நுனியில் குறுகி, மெல்லக் கீழ்நோக்கி வளைந்த பறவை அலகு அப்படியே தெரியும். மாணவனாக அந்த எலும்பை முதன்முதலில் கையில் வாங்கிய நாளில் நான் வாய்விட்டு 'அட' என்று சொன்னது இன்றும் நினைவிருக்கிறது.

இந்தப் பெயரைக் கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாண்டிரியா நகரில் வாழ்ந்த ஹெரோஃபிலஸோடு இணைத்துச் சொல்வார்கள். மனித உடலை முறையாக அறுத்துப் பார்த்து ஆராய்ந்த முதல் மருத்துவர்களில் ஒருவர் அவர். எழுதிய நூல்கள் அழிந்துவிட்டன. அவருக்குப் பின் வந்த மருத்துவர் கேலன் போன்றோர் எடுத்தாண்டதால் பெயர்கள் பிழைத்தன. பிற்காலத்தில் பிரெஞ்சு உடற்கூற்றாளர் ழான் ரியோலான் பெயரில் வேறொரு விளக்கமும் வழங்கியது. ஆசனவாய் வழியே காற்றுப் பிரியும் ஓசை குயில் கூவுவது போல இருப்பதால், அங்கே உள்ள எலும்புக்கு அந்தப் பெயர் என்பது அது. எலும்பின் வடிவத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் அலகு விளக்கத்தையே ஏற்பார்கள் என்று நினைக்கிறேன்.

தமிழ்க் கலைச்சொல் செய்தவர்களும் அந்தப் பறவையைக் கைவிடவில்லை. 'குயிலலகு' என்று எழுதுவோர் உண்டு. அதற்கு மேலே உள்ள முக்கோண எலும்பு கிரேக்கத்திலும் லத்தீனிலும் 'புனித எலும்பு' என்று பெயர் பெற்றது. அதனால் தமிழில் அதற்குத் 'திருவென்பு' என்ற பெயரும் அமைந்தது. திருவென்பின் நுனியில் ஒரு குயிலலகு. இவ்வளவு அழகான பெயர்கள் நம் மொழியில் இருக்க, மருத்துவமனை அறிக்கைகளில் 'வால்' மட்டுமே மிஞ்சியிருப்பது எனக்கு வருத்தம்தான். பெயர் செய்யும் வேலையைப் பாருங்கள். 'குயிலலகு முன்னோக்கி வளைந்துள்ளது' என்று உங்கள் அறிக்கையில் இருந்திருந்தால், அலகு வளையாமல் வேறு எப்படி இருக்கும் என்று நீங்களே கேட்டிருப்பீர்கள்.

'ஒன்றுக்கும் உதவாது' என்ற பேச்சு

'வால்' என்ற பெயர் தந்த இன்னொரு குழப்பம், உங்கள் வீட்டுப் பெரியவர் சொன்னது. அவர் முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். வாலுள்ள விலங்குகளில் வால் தொடங்கும் இடத்தில் இருக்கும் எலும்புகளே நம்மிடம் இப்படிச் சிறுத்து நிற்கின்றன. 1871இல் டார்வின் இதை எழுதினார். ஆனால் அவர் சொன்னதைக் கவனமாகப் படிக்க வேண்டும். வாலாக அதற்கு வேலை இல்லை என்றுதான் சொன்னார். வேலையே இல்லை என்பது பிறகு சேர்ந்துகொண்டது. 1893இல் ஜெர்மானிய உடற்கூற்றாளர் ராபர்ட் வீடர்ஸ்ஹைம் மனித உடலில் மிச்சமாக நிற்பவை என்று ஒரு நீண்ட பட்டியல் போட்டார். அந்த வகைப் பட்டியல்கள் பாடப் புத்தகங்களுக்குள் போய், அங்கிருந்து வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டன. குரங்காக இருந்த காலம் என்பதும் திருத்த வேண்டியதே. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன் என்று நமக்கு மிக நெருங்கிய உறவினர் எவருக்கும் வால் கிடையாது. அது போனது மனிதர் தோன்றுவதற்கு மிக மிக முன்பு.

சரி, வாலாக வேலை இல்லாத இந்த எலும்பு என்னதான் செய்கிறது? மலக்குடலையும் சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழே சரியாமல் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் ஒரு தொட்டில் துணி போல விரிந்திருக்கின்றன. அந்தத் துணியின் பின்முனை கட்டப்பட்டிருப்பது இந்த எலும்பில். மலவாயைச் சுற்றிய தசை வளையத்திலிருந்து ஒரு நார்ப்பட்டை வந்து இதில் பிடிக்கிறது. பிட்டத்தின் பெரிய தசையின் சில இழைகளும் இதில் தொடங்குகின்றன. இடுப்பெலும்பையும் முதுகெலும்பையும் இறுக்கிக் கட்டும் தசைநார்களின் ஓரங்களும் இங்கே வருகின்றன. நீங்கள் உட்காரும்போது, இரு பக்கத்து இடுப்பெலும்பு முண்டுகளோடு சேர்ந்து மூன்றாவது காலாக நின்று எடையைப் பங்கிட்டுக்கொள்வதும் இதுதான். பின்னால் சாய்ந்தால் இதன் பங்கு கூடும், முன்னால் குனிந்தால் குறையும். இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள், உங்கள் சிகிச்சையில் பாதி இதில் இருக்கிறது.

இந்த எலும்பைப் பற்றி எல்லாக் காலத்திலும் மக்கள் இவ்வளவு மலிவாக நினைக்கவும் இல்லை. யூத மரபில் 'லூஸ்' என்று ஓர் அழியாத எலும்பு பேசப்படுகிறது. அதை முதுகெலும்பின் இந்த நுனியாகக் கண்டவர்கள் உண்டு. மனித உடல் முழுதும் மண்ணோடு போனாலும் ஓர் எலும்பு மட்டும் போகாது, மீண்டும் எழுப்பப்படுவது அதிலிருந்து என்று இஸ்லாமிய நபிமொழி சொல்வதும் இதைத்தான். தமிழ் மொழிபெயர்ப்புகளில் 'உள்வால் எலும்பு' என்று படித்திருக்கிறேன். அவை நம்பிக்கையின் செய்திகள், மருத்துவச் செய்திகள் அல்ல. இருந்தாலும், 'உதவாத மிச்சம்' என்ற ஒரே பார்வைதான் உலகில் இருந்தது என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

வலி எங்கிருந்து வருகிறது

முறிவு இல்லையென்றால் வலி ஏன் என்று கேட்டிருந்தீர்கள். திருவென்பும் குயிலலகும் சேரும் இடத்தில் ஒரு மூட்டு இருக்கிறது. குயிலலகின் துண்டுகளுக்கு இடையிலும் சிலருக்கு அசைவு உண்டு. உட்காரும்போது அந்த எலும்பு சில பாகை முன்னோ பின்னோ நகர்வது இயல்பு. ஏறத்தாழ 5 முதல் 25 பாகை வரை இயல்பு என்று கொள்கிறோம். விழுந்த வேகத்தில் அந்த மூட்டின் நார்கள் நைந்துபோனால், கணுக்கால் சுளுக்கியது போலத்தான். வீங்கும், வலிக்கும், தேவைக்கு மேல் அசையும். கணுக்கால் சுளுக்கினால் அதன் மேல் நடக்காமல் இருப்பீர்கள். இந்தச் சுளுக்கின் மேல் தினமும் எட்டு மணி நேரம் உட்காருகிறீர்கள். ஆறுவதற்குள் மறுபடியும் நசுங்குகிறது. வலிக்குப் பயந்து சுற்றியுள்ள தசைகள் உங்களை அறியாமல் இறுகிக்கொள்கின்றன, அந்த இறுக்கமே தனியாக வலிக்கத் தொடங்குகிறது. நீங்கள் எழுதிய பத்து வாரக் கதை இதுதான் என்பது என் ஊகம்.

உங்கள் எக்ஸ்ரே படுக்கவைத்தோ நிற்கவைத்தோ எடுத்ததாக இருக்கும். வலியோ உட்கார்ந்தால் வருகிறது. ஆகவே இன்னும் சில வாரங்களில் குறையவில்லை என்றால், நின்ற நிலையில் ஒன்று, வலி வரும் வகையில் உட்கார்ந்த நிலையில் ஒன்று என்று பக்கவாட்டில் இரண்டு படங்கள் எடுத்து ஒப்பிட முடியுமா என்று உங்கள் எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். மூட்டு அளவுக்கு மீறி அசைகிறதா, இடம் பெயர்கிறதா என்பது அதில்தான் தெரியும். 'வளைந்துள்ளது' என்ற சொல்லைவிட அந்த ஒப்பீடு நூறு மடங்கு பயன் தரும்.

இப்போது செய்ய வேண்டியவை

நீங்கள் வாங்கிய வளையத் தலையணையை ஒதுக்கி வையுங்கள். நடுவில் ஓட்டை இருந்தால் போதும் என்றுதான் எல்லோரும் வாங்குகிறார்கள். ஆனால் வளையத்தின் பின்பக்கம் சரியாக அந்த எலும்பின் அடியிலேயே வந்து நிற்கும், சுற்றியுள்ள சதையையும் கீழே இழுக்கும். உங்களுக்குத் தேவை, பின்விளிம்பில் மட்டும் வெட்டுள்ள ஆப்பு வடிவ மெத்தை. பின்னால் உயரம், முன்னால் தாழ்வு. உட்கார்ந்தால் உடல் தானாகச் சற்று முன்னோக்கிச் சாயும், எலும்பு வெட்டுக்குள் காற்றில் நிற்கும். அலுவலகத்துக்கும் வண்டிப் பயணத்துக்கும் அதையே எடுத்துச் செல்லுங்கள். மிக மெத்தென்ற சோபா ஆறுதலாகத் தோன்றும், அதில் அமிழ்ந்து பின்னால் சரிந்து உட்கார்ந்தால் வலி கூடும்.

இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். எழும்போது நேரே மேலே எழாமல், முதலில் நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து, இடுப்பிலிருந்து முன்னால் நன்றாகக் குனிந்து, பிறகு எழுங்கள். அந்த ஒரு நொடிக் குத்து பலருக்கு இதிலேயே பாதி குறைகிறது. வேலையில் ஒரு பகுதியை நின்றுகொண்டு செய்ய ஏற்பாடு கேளுங்கள். அதற்கு மருத்துவர் சான்று தேவைப்பட்டால் தயங்காமல் வாங்குங்கள். சைக்கிள் சில மாதங்கள் வேண்டாம். நடை நல்லது.

மாத்திரை பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வாரத்துக்கு, இரண்டு வாரத்துக்கு என்று எழுதித் தந்ததைப் பத்து வாரம் நீட்டியிருக்கிறீர்கள். வீக்கம் குறைக்கும் வகை வலி மாத்திரைகள் நாளடைவில் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் தொல்லைப்படுத்தும். வலுவான வேறு சில வகைகள் மலத்தைக் கட்டும். நீங்கள் எடுப்பது எந்த வகை என்று எழுதவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரிடம் போய், இதைத் தொடரலாமா என்று கேளுங்கள். கருத்தரிக்கும் எண்ணம் இருப்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அந்த மாத்திரைகளில் சில கர்ப்ப காலத்தில் கூடாதவை.

மலச்சிக்கல் சிறு விஷயம் இல்லை. முக்கும் ஒவ்வொரு முறையும் இடுப்புத்தளம் கீழே தள்ளப்படுகிறது, அது கட்டப்பட்டிருக்கும் எலும்பும் இழுபடுகிறது. தண்ணீர், நார்ச்சத்து, தேவைப்பட்டால் மலத்தை இளக்கும் மருந்து. கழிப்பறையில் காலடியில் ஒரு சிறு பலகை வைத்து முழங்காலை இடுப்புக்கு மேலே உயர்த்தி உட்கார்ந்தால் முக்க வேண்டியிருக்காது.

இன்னொரு எச்சரிக்கை. இடுப்புத்தளத்தை இறுக்கும் பயிற்சிகளைப் பிரசவத்துக்குப் பிறகு கற்றுக்கொண்டதாகவும், வலி போக அதை இப்போது அதிகமாகச் செய்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நிறுத்துங்கள். ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை மேலும் இறுக்குகிறீர்கள். உங்களுக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சி. வயிறு புடைக்க மெதுவாக மூச்சிழுக்கும்போதே அடியிலுள்ள தசைகளை விட்டுக்கொடுக்கப் பழக வேண்டும். இடுப்புத்தளத்தில் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் ஒருவரைப் பார்த்து நேரில் கற்றுக்கொள்வது சிறந்தது. வெந்நீர் ஒத்தடமோ ஐஸ் ஒத்தடமோ எது சுகம் தருகிறதோ அது, தோலில் நேரே படாமல் துணி சுற்றி.

கையால் நிமிர்த்துவது, உங்கள் சம்மதம்

பக்கத்து வீட்டு அம்மையார் சொன்னதை நம்பிப் போக வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொல்ல வேண்டும். வால் எலும்பு வலிக்குக் கையால் செய்யும் சிகிச்சை மருத்துவத்திலும் உண்டு. ஆசனவாய் வழியே விரலைச் செலுத்தி, அந்த மூட்டை மெல்ல அசைத்து, இறுகிய தசையை நீவிவிடுவது அது. பயிற்சி பெற்றவர் செய்தால் சிலருக்குப் பலன் இருக்கிறது. எலும்பை நிமிர்த்துவது அதன் நோக்கமே அல்ல. இயல்பாகவே வளைந்த எலும்பை நிமிர்த்துகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்த எலும்பைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை என்று பொருள்.

சோதனைக்காக உங்கள் மருத்துவரும் ஒருமுறை அப்படி விரலால் பார்க்க வேண்டியிருக்கலாம். எந்தத் துண்டு வலிக்கிறது, அதன் முன்னால் கட்டி எதுவும் இருக்கிறதா என்பதை அறிய அது நல்ல வழி. ஆனால் என்ன செய்யப் போகிறார், எதற்காக என்று முதலில் உங்களுக்கு விளக்க வேண்டும். நீங்கள் சம்மதித்த பிறகே தொட வேண்டும். உடன் ஒரு பெண் உதவியாளர் இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், பெண் மருத்துவரையே கேட்கலாம், நடுவில் 'போதும்' என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். இவை சலுகைகள் அல்ல, உங்கள் உரிமைகள். இந்த ஒழுங்கு எதுவும் இல்லாத இடத்தில் உங்கள் உடலைக் கொடுக்காதீர்கள்.

அறுவை சிகிச்சை எப்போது

அண்ணன் சொன்ன அறுவை சிகிச்சை புதியதல்ல. 1726லேயே இந்த எலும்பை அகற்றியதாகக் குறிப்பு இருக்கிறது. இந்த வலிக்குத் தனிப் பெயர் கொடுத்தவர் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன், 1859இல். இடைப்பட்ட காலத்திலும் பிறகும் கணக்கில்லாத எலும்புகள் வெட்டப்பட்டன, வலி போகாதவர்களும் பலர் இருந்தார்கள். அதனால் இன்று நாங்கள் படி வைத்து ஏறுகிறோம். மெத்தை, இருக்கை மாற்றம், இயன்முறை முதல் படி. மூட்டின் அருகே ஸ்டீராய்டும் மரத்துப்போக வைக்கும் மருந்தும் கலந்த ஊசி அடுத்தது. எலும்பின் முன்னால் உள்ள ஒற்றை நரம்பு முடிச்சை மரக்கவைக்கும் ஊசி அதற்கும் அடுத்தது. இவற்றையெல்லாம் ஆறு மாதமாவது ஒழுங்காகச் செய்தும், வலி வாழ்க்கையை முடக்கி, உட்கார்ந்த நிலைப் படத்தில் மூட்டு ஆடுவதும் தெளிவாகத் தெரிந்தால்தான் அகற்றுவதைப் பற்றிப் பேசுவோம்.

அப்படிப் பொறுக்கியெடுத்துச் செய்தவர்களில் பெரும்பாலோர் நன்மை அடைகிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. அவர்களும் தேறச் சில மாதங்கள், சிலருக்கு ஓர் ஆண்டுகூட ஆகிறது. பெரிய ஆபத்து கிருமித் தொற்று. காயம் இருக்கும் இடம் மலவாய்க்கு அருகில், அதுவும் உட்காரும் இடத்தில். அங்கே புண் ஆறத் தாமதமாவது அரிதல்ல. இந்தப் படிகளில் நீங்கள் இன்னும் முதல் படியிலேயே, அதுவும் தவறான தலையணையோடு நிற்கிறீர்கள். யாராவது அறுவையை அவசரப்படுத்தினால், படங்களின் நகலை வாங்கிக்கொண்டு இன்னொரு முதுகெலும்பு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். நல்ல மருத்துவர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

பொறுமை சொல்லும் நானே பொறுக்க வேண்டாம் என்று சொல்லும் நிலைகளும் உண்டு. சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, சிறுநீர் வராமல் நிற்பது, குதிரைச் சேணத்தில் படும் இடம் முழுவதும் மரத்துப்போவது, கால்கள் பலமிழப்பது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே, அந்த நேரமே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சல், அந்த இடத்தில் சிவந்த வீக்கம், பிட்டப் பிளவில் சீழ் கசிவு என்றால் அது எலும்பாக இல்லாமல் மயிர்க்குழிக் கட்டியாக இருக்கலாம், ஓரிரு நாளில் காட்டுங்கள். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் உடல் மெலிவது, உட்கார்ந்தாலும் படுத்தாலும் விடாமல் இரவில் எழுப்பும் வலி, இவற்றுக்கு மேலும் ஸ்கேன் தேவை. அரிதாக அந்த எலும்பில் கட்டி வளர்வதும் உண்டு. உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது குழந்தை

தாராளமாகத் திட்டமிடுங்கள். பிரசவத்தின்போது குழந்தையின் தலைக்கு இடம் விட அந்த எலும்பு பின்னோக்கி நகரும், இயற்கை அதற்கென்றே மூட்டு வைத்திருக்கிறது. சிலருக்கு இந்த வலி பிரசவத்தில்தான் தொடங்குகிறது என்பதால் உங்கள் அச்சம் ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வால் எலும்பு வலி இருந்தது என்ற ஒரே காரணத்துக்காகச் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. முதலில் வலி ஆறட்டும், மாத்திரை நிற்கட்டும். பிறகு கருவுற்றதும் முதல் சந்திப்பிலேயே மகப்பேறு மருத்துவரிடம் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுத்தோ முழங்காலிட்டோ பிரசவிக்க முடியுமா என்று அவரோடு பேசி வையுங்கள். அந்த நிலைகளில் எலும்பு நகர இடம் கிடைக்கும்.

ஆறு வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். உட்கார முடிகிற நேரத்தை நாள்தோறும் ஒரு தாளில் குறித்து வந்தால் உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் உதவும்.

மகளுக்குச் சொல்ல உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது. "ஆமாம் கண்ணே, உனக்கே இருந்தது" என்று சொல்லுங்கள். கருவில் நான்காவது, ஐந்தாவது வாரத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் சின்ன வால் ஒன்று முளைக்கிறது. பத்துப் பன்னிரண்டு எலும்புகளுக்கான தொடக்கம்கூட அதில் இருக்கும். எட்டாவது வாரம் முடிவதற்குள் உடல் அதைத் திரும்ப உள்ளே வாங்கிக்கொள்கிறது. நம் முன்னோரிடம் ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு மரபணுவுக்குள் நுழைந்த சிறு துண்டு இதில் பெரும் பங்கு வகித்திருக்கலாம் என்று 2024இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதே போன்ற மாற்றத்தை எலிகளில் செய்து பார்த்தபோது, வால் குட்டையாகவும் வாலே இல்லாமலும் குட்டிகள் பிறந்தன. அந்தப் பகுதியை அவள் பெரியவளானதும் சொல்லலாம். இப்போதைக்கு அவளுடைய முதுகைத் தடவிக் கீழே கொண்டுபோய், "இதோ, இங்கே உள்ளே ஒரு குயிலின் அலகு இருக்கிறது" என்று காட்டுங்கள்.